எட்டுப் பாகம் சறுக்கிய தோணி

அன்றைக்குக் கடற்கரையில் நின்றவர்கள் ஆறு பேர். என் மகன் நிஸார், தோணியின் பின்பக்கம் எஞ்சின் பிடித்துக்கொண்டு. அவனோடு தொழிலுக்குப் போகும் சித்தீக், முன்பக்கம் குனிந்து வலையைத் திரட்டிக்கொண்டு. என் தம்பி ஹனீபா, கரையில் ஏற்றி வைத்திருந்த தன் தோணிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு. அவன் பெண்சாதி உம்மு சல்மா, அவனுக்குத் தேத்தண்ணிப் போத்தலோடு. கருவாட்டுப் பாயடியில் நான். என் பக்கத்தில், வழக்கம்போல சனிக்கிழமை மீன் வாங்க வந்த நீங்கள். ஏழாவது ஆள் இல்லை. பிறகு ஊரே திரண்டு வந்தது, வந்தவர்கள் எல்லோரும் கண்ணால் கண்டதுபோலக் கதைத்தார்கள். கண்டது ஆறு பேர்தான் டீச்சர். அதில் நீங்கள் இப்போது இல்லை.

இன்றைக்கு அந்த ஆறு பேரையும் திரும்ப எண்ண வைத்தது ஒரு மணம். ஹனீபாவின் மகளுக்கு இன்று கலியாணம். மாவடிப்பள்ளி மாப்பிள்ளை, அரசாங்க உத்தியோகம். அந்தப் பிள்ளை என் நிஸாருக்கென்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்த பிள்ளை. போகாமல் இருந்தால் என்னைப் பற்றிக் கதைப்பார்கள் என்பதற்காகப் போனேன். வளவுக்குப் பின்னால் மூன்று கிடாரத்தில் சோறு வெந்துகொண்டிருந்தது. சமையல்காரன் விறகுக் குவியலில் இருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து அடுப்பில் திணித்தான். அது சீறிக்கொண்டு எரிந்தது. கரும்புகை எழும்பியது. நெய்ச்சோற்று மணத்துக்கு நடுவே எஞ்சின் கிரீஸ் எரிகிற மணம்.

உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள் என்பது நினைவுக்கு வந்தது.

அஞ்சாம் வகுப்போடு நின்ற என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். நீங்கள் பாதியில் விட்டுவிட்டுப் போன கணக்கு இது.

முதலில் இருந்தே சொல்கிறேன். அன்றைக்கு நிஸாரின் தோணி மற்றத் தோணிகளுக்கு முன்னமே வந்துவிட்டது. நல்ல பாடு, கீரி மீன் அப்பிக் கிடந்தது. எங்கள் கரையில் தோணி ஏற்றுகிற விதம் நீங்கள் எத்தனையோ சனிக்கிழமை பார்த்தது. அலை முறிகிற இடத்தில் தயங்கினால் தோணி குறுக்கே திரும்பிக் கவிழும். அதனால் எவனாக இருந்தாலும் முழு எஞ்சினில்தான் வருவான். கடைசி நேரத்தில் எஞ்சினைத் தூக்கிவிடுவான். தோணி வந்த வேகத்தில் மணலில் ஏறிச் சறுக்கி ரெண்டு பாகம் போய் நிற்கும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பிறகு ஆள் சேர்ந்து இழுப்பார்கள். ரெண்டு பாகம்தான், என் வாப்பா காலத்தில் இருந்து.

அன்றைக்கு அது நிற்கவில்லை. மணலில் ஏறியது, வந்தது, இன்னும் வந்தது. நீங்கள் என் கையைப் பிடித்தது இன்றும் மணிக்கட்டில் இருக்கிறது. ஹனீபா எழும்பக்கூட இல்லை. நிஸாரின் தோணி போய் அவனுடைய வலது காலை அவனுடைய தோணியோடு சேர்த்து நசுக்கியது. அதன் பிறகுதான் நின்றது.

நீங்கள் உங்கள் சேலை முந்தானையைக் கிழித்துக் கால் கட்டினீர்கள். நிஸாரும் சித்தீக்கும் தூக்கினார்கள். நான் தலையைப் பிடித்தேன். ரோட்டுக்கு ஓடி, முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதில் உம்மு சல்மா எங்கே என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேன், மனதுக்குள். புருஷன் கத்துகிறான், பெண்சாதியின் கை அவன் மேல் படவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்கு வர வெகு நேரம் ஆனது. வந்தபோது இரண்டு கையும் கறுப்பு.

"என்ன சல்மா கையில?"

"சைக்கிள் செயின் மதினி."

அவளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.

இதை உங்களிடம் சொன்னபோது, "யாரும் ஏத்திக்கொண்டு வந்திருப்பாங்க ராத்தா, செயின் கழண்டிருக்கும்" என்றீர்கள். உங்களுக்கு எல்லோருக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிற பழக்கம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததையும் எழுத வேண்டும். நிஸார் கட்டிலடியில் விழுந்து மாமாவின் கையைப் பிடித்து அழுதான். "நான் வழமையா வாற மாதிரித்தான் மாமா வந்தன். எனக்கே விளங்கல்ல. என்ன மாப் பண்ணிடுங்க." ஹனீபா அவன் தலையைத் தடவினான். "அழாத மகன். அல்லாஹ்வுக்காக மாப் பண்ணிட்டன்." பக்கத்துக் கட்டில் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பிடியும் மனிசர் இரிக்காங்க" என்றார். அந்தக் கதை ஆஸ்பத்திரிப் படியிறங்கி ஊருக்குள் ஓடியது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில்கூட எடுத்துச் சொன்னார்களாம். கால் போனவன் பெரிய மனிதன் ஆகிவிட்டான். என் மகன் மன்னிக்கப்பட்டவன் ஆகிவிட்டான். மன்னிக்கப்பட்டவன் என்றால் குற்றம் செய்தவன் என்றுதானே டீச்சர் அர்த்தம்?

கால் நசுங்கிய அடுத்த நாளே மீனவர் சங்கத்தில் கூட்டம். கடற்கரை வாடிக்குள் தலைவர் நடுவில் இருந்தார். நான் ஓலை மறைப்புக்கு வெளியே நின்று கேட்டேன்.

"எப்பவும் ரெண்டு பாகம். அண்டைக்கு எட்டுப் பாகம். நான் கையால அளந்தன். நாலு மடங்கு தூரம் எண்டா நாலு மடங்கு வேகம். இவன்ட கையில எஞ்சின் குடுக்க ஏலாது," என்றார் தலைவர்.

"இல்ல காக்கா, அதே வேகம்தான். கரையில ஏறினதும் சவுக்காரத்துல ஏறின மாதிரி இரிந்திச்சு," என்றான் நிஸார் அவரிடம்.

பின்னால் இருந்து ஒருவன், "கரையில சவுக்காரம் போட்டுக் குளிச்சது ஆருடா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெயர் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்துக்கு அவர்கள் தேவையில்லை.

சித்தீக்கிடம் கேட்டார்கள். "நான் வலைக்குள்ள குனிஞ்சி இருந்தன், குப்புற விழுந்துட்டன்" என்றான். அவன் மேலும் எனக்குச் சந்தேகம்தான் அப்போது. முன்னுக்கு இருப்பவன் கரையைப் பார்க்காமல் என்ன வலை? எஞ்சின் திருத்துகிறவன் மேலும் சந்தேகம். எஞ்சினுக்கு ஏதும் செய்துவிட்டானோ என்று. உண்மையைச் சொன்னால், உங்கள் மேலும் சந்தேகம். எங்களோடு நின்று பார்த்தவர், ஏன் வாய் திறக்கவில்லை?

நீங்கள் அடுத்த சனிக்கிழமை வந்து கருவாட்டுப் பாயடியில் குந்தினீர்கள். மீன் கேட்கவில்லை. ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து மணலில் கோடு போட்டீர்கள்.

"ராத்தா, தலைவர் சொன்ன நாலு மடங்கு பிழை."

"எட்டை ரெண்டால பிரிச்சா நாலுதானே? அது எனக்கும் தெரியும்."

"தூரம் நாலு மடங்கு. வேகம் ரெண்டு மடங்குதான்."

எனக்குக் கோபம் வந்தது. பாதியாகக் குறைத்துத் தந்தாலும் குற்றம் குற்றம்தானே. ஆனால் நீங்கள் கேட்கிற நிலையில் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் உங்களுக்குக் கரும்பலகை ஆசை போகவில்லை.

"ஓடுற தோணிக்குள்ள ஒண்டு இருக்கு ராத்தா. நிண்ட தோணிக்குள்ள அது இல்ல. நிக்க வைக்க வேணுமெண்டா அது முழுக்க வெளியில எடுபடவேணும். எடுக்கிறது மணல்."

"மணல் என்னத்த எடுக்கும்? அது பாட்டுக்குக் கிடக்கு."

"உரசிப் பிடிக்குதுதானே. ஒரு பாகம் போனா இவ்வளவு எண்டு வாங்கும். ரெண்டு பாகம் போனா அதுமாதிரி ரெட்டிப்பா வாங்கும். மணல் வாங்கினது முழுக்கச் சேர்த்தா, தோணிக்குள்ள முதல் இருந்ததுக்குச் சரியா வரும். கூடவும் இல்ல குறையவும் இல்ல. பௌதிகவியல்ல இதைத்தான் வேலை எண்டு சொல்றது."

கிடக்கிற மணல் வேலை செய்கிறது, ஓடித் திரிகிற நான் சும்மா இருக்கிறேன் என்று மனதில் நினைத்துக்கொண்டேன். பிறகு நீங்கள் அந்த உள்ளே இருக்கிற சாமானை எழுதிக் காட்டினீர்கள். பாதி, அதோடு நிறை, அதோடு வேகம், அதோடு இன்னொருமுறை வேகம்.

"வேகத்த என்னத்துக்கு ரெண்டு தரம் போடுறீங்க?"

"அதுதான் அதுட குணம். வேகம் ரெட்டிச்சா உள்ள இருக்கிறது நாலு மடங்காகும்."

"வட்டிக்காரன்ட கணக்கு மாதிரி இரிக்கு. எங்களுக்கு ஹராம்."

நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தப் பாதியில்தான் கண். "இந்தப் பாதி என்ன? மத்தப் பாதிய ஆரு எடுத்தது?"

"நாப்பது வருசம் படிப்பிச்சன். ஒரு பிள்ளையும் இப்பிடிக் கேக்கல்ல" என்றீர்கள். பிறகு சொன்னீர்கள்: "தோணி கரையில முட்டேக்க முழு வேகம். நிக்கேக்க வேகம் இல்ல. இடையில கூடக் குறைய எல்லாம் சேர்த்துப் பார்த்தா பாதி வேகத்துலதான் அந்தத் தூரத்த ஓடினது. அந்தப் பாதிதான் இது. ஒருத்தரும் எடுக்கல்ல."

அதற்குப் பிறகு கணக்கில் நிறையை இரண்டு பக்கமும் வெட்டிப் போட்டீர்கள். அன்றைக்குத் தோணியில் மீன் அதிகம், பாரத்தினால்தான் நிற்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். பாரம் கூடினால் உள்ளே இருப்பதும் கூடும், மணல் பிடிப்பதும் அதே அளவு கூடும், அதனால் தூரம் மாறாது என்றீர்கள். ஒரு தோணி கீரி மீனை ஈர்க்குச்சியால் வெட்டி எறிந்த உங்களை நான் அன்றைக்கு நம்பவில்லை. படித்தவர்கள் கணக்கில் எதையாவது காணாமல் ஆக்கினால், அது யாரையோ காப்பாற்றத்தான் என்று நினைக்கிறவள் நான்.

"நம்பாட்டி விடுங்க. பார்ப்பம்," என்றீர்கள்.

பார்த்தோம். நீங்கள் தலைவரையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். கடல் அமைதியான காலை. நிஸாருக்கு எஞ்சின் தொடத் தடை, அதனால் சித்தீக் ஓட்டினான். கரைக்கு நேராக இரண்டு மிதப்பை நங்கூரம் போட்டு விடச் சொன்னீர்கள். ஒரு மிதப்பில் இருந்து மற்ற மிதப்புக்குத் தோணி வர எவ்வளவு நேரம் என்று உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். முழு எஞ்சினில் வந்தான். ரெண்டு பாகம். பிறகு, இரண்டு மிதப்புக்கும் இடையில் ரெட்டிப்பு நேரம் எடுக்கிற மாதிரி மெதுவாக வரச் சொன்னீர்கள். இரண்டு மூன்று தரம் பிழைத்து, பிறகு சரியாக வந்தான். வேகம் பாதி. தோணி எங்கே நிற்கும் என்று தலைவரிடம் கேட்டீர்கள்.

"பாதி வேகம் எண்டா ஒரு பாகம்."

நீங்கள் ஈர்க்குச்சியை அரைப் பாகத்தில் குத்தினீர்கள். தோணி வந்து ஈர்க்கை மெல்லத் தொட்டு நின்றது.

"டீச்சர், சூனியம் கினியம் தெரியுமா?" என்று சித்தீக் தோணியில் இருந்தே கத்தினான்.

"இனி ரெட்டிப்பு வேகத்துல வா தம்பி. எட்டுப் பாகம் போகுதா எண்டு பார்ப்பம்."

"ரெட்டிப்பா? இதுதான் டீச்சர் முழு எஞ்சின். இதுக்கு மேல போக வேணுமெண்டா வேற எஞ்சின் வாங்கித் தாங்க."

நீங்கள் தலைவர் பக்கம் திரும்பினீர்கள். அப்போது உங்கள் குரல் வேறாக இருந்தது. "எட்டுப் பாகம் போக வேணுமெண்டா ரெட்டிப்பு வேகம் வேணும். அந்த வேகம் இந்தத் தோணிக்கு இல்ல. அப்ப நிஸார் வந்தது வழமையான வேகம். தோணிக்குள்ள இருந்ததும் வழமையா இருக்கிறதுதான். அதை வாங்கி முடிக்க மணலுக்கு எட்டுப் பாகம் தேவைப்பட்டிருக்கு எண்டா, மணல் கூடினாலும் நாலில் ஒரு பங்குதான் பிடிச்சிருக்கு. அதிலயும் முழுக்க வாங்கி முடியல்ல. மிச்சத்த ஹனீபாட கால் வாங்கியிருக்கு. அண்டைக்கு அந்த மணல், மணலா இருக்கல்ல."

அந்தக் கடைசி வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் கரையில் மணலை மணல் இல்லாமல் ஆக்குவது ஒன்றுதான். தோணியைக் கடலில் இறக்கும்போது பலகைத் துண்டுகளைக் குறுக்கே வரிசையாகப் போட்டு, கிரீஸ் பூசி, அதற்கு மேலால் தள்ளுவார்கள். தள்ளி முடிந்த உடனே பலகையைத் தூக்கி மேலே போட வேண்டும். எல்லாத் தோணியின் அடியிலும் அந்தக் கிரீஸ் இருக்கும், அதனால் தோணியைப் பார்த்து ஒன்றும் பிடிக்க ஏலாது. ஹனீபா தோணி இறக்குகிற இடத்தைக் கடல் அரித்துக்கொண்டு போயிருந்தது. அவன் நிஸாரின் இடத்தால்தான் இறக்குவான். அவனுடைய தோணி அன்று நின்றதும் நிஸாரின் இடத்துக்கு நேர் மேலே. நிஸார் இவ்வளவு வெள்ளனப் பாடோடு வருவான் என்று யார் கண்டது? காற்று மணலை அள்ளிப் பலகைக்கு மேலே மெல்லிசாகப் போட்டிருந்தால், வரும் தோணியில் இருந்து எவனுக்குத் தெரியும்?

நான் ஓடிப்போய் ஹனீபாவிடம் கேட்டேன். "அண்டைக்குப் பலகை போட்டியா?"

"பலகையா? நான் தோணி இறக்க நினைக்கவே இல்ல ராத்தா. வலை பொத்திக்கொண்டு இருந்தன்."

நீங்கள் சங்கத்தில் பலகை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று உங்களிடம் கெஞ்சினேன். "மணல் பிடிக்கல்ல எண்டு சொல்வன். பலகை எண்டு சொல்ல மாட்டன். நான் பலகையக் காணல்ல" என்றீர்கள். "கணக்கு எவ்வளவு எண்டு சொல்லும் ராத்தா. ஆரெண்டு சொல்லாது."

தலைவர் கடைசியில் சொன்னது வேறு. "டீச்சர் சொல்றது சரியாகவும் இரிக்கலாம். ஆனா ஹனீபா மாப் பண்ணிட்டார். மாப் பண்ணின விசயத்தத் திரும்பக் கிளறினா அவர அவமானப்படுத்தின மாதிரி." அவ்வளவுதான். உங்கள் ஈர்க்குச்சி, மிதப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அந்த ஒரு மாப்பு மூடிப் புதைத்தது. எஞ்சின் நிஸாருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. "வேகக்காரனுக்குப் புள்ள தர ஏலாது" என்று உம்மு சல்மா ஆள் விட்டுச் சொன்னாள். நிஸார் கட்டாருக்குப் போனான். கடலைக் காணாத வேலை. இன்றுவரை ஊருக்கு வரவில்லை. போனில், தோணிச் சத்தம் கேட்டால் வாசல் கதவைச் சாத்தச் சொல்கிறான்.

உங்கள் மேல் இருந்த கோபம் எனக்கு லேசில் தீரவில்லை. ஹனீபாவின் மகள் உங்களிடம் படித்தவள். அந்தப் பிள்ளைக்காகத்தான் எதையோ விழுங்குகிறீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்கு மீன் கொடுக்காமல் விட்டேன்.

"பாரைக்குட்டி இருக்கா ராத்தா?"

"இல்ல."

"அந்தக் கூடைக்குள்ள கிடக்கிறது என்ன?"

"அது பாரைக்குட்டி."

"அப்ப?"

"உங்களுக்கு இல்ல எண்டு சொன்னன்."

வெறும் பையோடு திரும்பிப் போனீர்கள். அடுத்த சனிக்கிழமையும் வந்தீர்கள். அதற்கு அடுத்ததும். மீன் கேட்டீர்கள், நான் இல்லை என்றேன், நீங்கள் பாயடியில் குந்தி ஈரக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனீர்கள். ஒருநாள் நான் பேசாமல் கூடையைத் தள்ளினேன். நீங்களும் பேசாமல் எடுத்தீர்கள். அதைப் பற்றி நாம் பிறகு ஒருநாளும் கதைத்தது இல்லை. ஆனால் ஒன்று சொன்னீர்கள், கடைசியாக வருத்தம் வந்து படுக்கையில் கிடந்தபோது. "ராத்தா, அந்த மணல் கணக்கில ஒரு இடம் வெறுமையாக் கிடக்கு. ஏன் பிடிக்கல்ல எண்டு எழுதல்ல. ஆரும் கண்டா அதை நிரப்பச் சொல்லுங்க."

உங்கள் அடக்கத்தன்று உங்கள் வேதக் கோயில் கேற்றடியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். உள்ளே வரத் தெரியவில்லை.

இன்றைக்கு அந்த வெறுமையான இடம் நிரம்பியது டீச்சர். சமையல்காரனைத் தள்ளிவிட்டு விறகுக் குவியலைக் கிளறினேன். எல்லாம் ஒரே அளவுத் துண்டுகள். ஒரு பக்கம் வெள்ளைப் பலகை, மறுபக்கம் கன்னங்கரேலென்று கிரீஸ் ஊறியது. கிரீஸுக்குள் கடல் மணல் இறுகிக் கிடந்தது. ஒன்றின் நடுவில் நிஸாரின் தோணி அடியில் பூசுகிற பச்சைப் பெயின்ட் உரசிய கோடு. அவன் அந்தப் பச்சையை நான் கேட்டுத்தான் பூசினான். எங்கள் கரையில் வேறு பச்சைத் தோணி இல்லை.

உம்மு சல்மா வந்து என் கையில் இருந்த பலகையைக் கண்டாள். கலியாணச் சேலையோடு அப்படியே நின்றாள்.

"சைக்கிள் செயின்," என்றேன் நான்.

அவள் மறுக்கவில்லை. "நீங்க ஓடி வர முன்னமே அவர்தான் என்ட காதுக்குள்ள எடுக்கச் சொன்னார் மதினி. கால விடு, பலகைய எடு எண்டார். நான் என்ன செய்ய?" என்றாள். பிறகு அழுதாள். அவள் மேல் எனக்கு இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. புருஷன் சொன்னதைச் செய்த பெண்சாதி. ஆள் விட்டுச் சொன்னதை மறக்க மாட்டேன். ஆனால் அந்தக் காலையில் அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால், என் கையும் கறுத்திருக்கும்.

உள்ளே போனேன். ஹனீபா வெள்ளைச் சட்டை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டு, கட்டைக் காலை நீட்டிக் கதிரையில் இருந்தான். பலகையை அவன் மடியில் வைத்தேன். என் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. உம்மா மௌத்தான பிறகு என் தட்டில்தான் சாப்பிட்டவன்.

"வார வெள்ளிக்கிழமை சங்கத்துல சொல்லு. நான்தான் பலகை போட்டன் எண்டு. வேற ஒண்டும் வேணாம். என்ட புள்ள ஊருக்கு வரட்டும்."

அவன் பலகையைப் பார்த்தான். சுற்றிப் பார்த்தான். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து அறையில் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "பழைய கதை ராத்தா. இண்டைக்கு இது வேணுமா? நான்தான் நிஸார அப்பவே மாப் பண்ணிட்டனே."

நான் பலகையை எடுத்துக்கொண்டு, சோறு தின்னாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அது இப்போது என் தலைமாட்டில் கிடக்கிறது. வீடு முழுக்கக் கிரீஸ் மணக்கிறது. விடிந்ததும் தலைவர் வீட்டு வாசலில் அதைக் கொண்டுபோய் வைப்பேன். பச்சைக் கோட்டைக் காட்டுவேன். மணல் ஏன் பிடிக்கவில்லை என்று, உங்களைப்போல ஈர்க்குச்சியால் தரையில் கோடு போட்டுச் சொல்வேன். பாதி எங்கே போனது என்று அவர் கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது, நீங்கள் தந்தது. இப்போதும் எந்தத் தோணி கரை ஏறினாலும் என் கண் ரெண்டு பாகத்தில் போய் நிற்கிறது. வேண்டாம் என்றாலும் அளக்கிறது.

சந்தேகப்பட்டவர்களில் அநேகம் பேரை இன்றைக்கு விட்டுவிட்டேன். சித்தீக்கை விட்டுவிட்டேன், எஞ்சின் திருத்துகிறவனை விட்டுவிட்டேன், உங்களை என்றோ விட்டுவிட்டேன், சிரித்தவர்களைக்கூட ஒருநாள் விடுவேன். பலகையைப் போட்டு எடுக்காமல் விட்டதற்காக ஒருவரையும் பகைக்க மாட்டேன், அது மறதி. காலோடு அதற்கு விலையும் கொடுத்தாயிற்று. ஆனால் தான் போட்ட பலகைக்காக என் மகன் கட்டிலடியில் விழுந்து அழுதபோது, அவன் தலையைத் தடவி, அல்லாஹ்வின் பெயரால் அவனை மன்னித்த அந்த ஒருவனை இந்த உலகத்திலும் மன்னிக்க மாட்டேன், மறுமையிலும் மன்னிக்க மாட்டேன். என் தம்பி ஹனீபா.